மிச்சப் பாதி

நம்பாதவர்களை நம்பச் சொல்லி இதை எழுதவில்லை. 1983 ஐப்பசியில், போடியில், என் வீட்டிலேயே நடந்தது.

மனைவி ஜக்கம்மாள் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்கு மகளிடம் போய்விடுவது என்று முடிவு. சாமான்களையெல்லாம் கொடுத்தாயிற்று. பாக்கி ஒரு பீங்கான் கடிகாரம். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் நான் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது, சீமைக்குக் கிளம்பிய துரை கொடுத்தது. அது போனால் நானும் போகலாம்.

அதன் ஓரமெல்லாம் தங்கப் பூச்சு. ஜக்கம்மாள் கண்ணுக்கு அது பித்தளை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் வெளுத்த பிறகுதான் பார்த்தேன். பிடுங்கிக்கொண்டேன்.

"இருங்க, மிச்சப் பாதியையும் ஒருநா தேய்ச்சுப்புடுறேன்" என்று சிரித்தாள்.

விலை பார்க்க மதுரையிலிருந்து பழம்பொருள் வியாபாரி பால்சாமி வந்தார். கடிகாரத்தின் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தார்.

"பிரெஞ்சுச் சரக்குண்ணே. பாரிசு முத்திரை இருக்கு. பூவும் கையில எழுதினது. தடவிப் பாருங்க, மேடு தட்டும்."

இடப்பக்கத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"எந்தப் புண்ணியவதி புளி போட்டது? பாதி வெல போச்சு. அந்தப் பக்கத் தங்கம் இருக்கங்காட்டி எடுத்துக்கிறேன். வெள்ளிக்கெழம வர்றேன். ஈரத்துணிகூடப் படக்கூடாது."

வியாழன் சாயங்காலம். மலையிலிருந்து மேகம் இறங்கித் தூறல் போட்டது. வெறுங்கூடத்தில் நான் மட்டும். கடிகாரம் ஆறு அடித்து ஓய்ந்தது.

அடுப்படியில் ஒரு சத்தம்.

சரக்… சரக்…

தேங்காய் நார் தேய்க்கும் சத்தம். பக்கத்து வீடாக இருக்கும் என்று எழுந்து போனேன்.

சரக்… சரக்… நடுவில் கண்ணாடி வளையல்.

அடுப்படியில் யாரும் இல்லை.

சத்தம் இப்போது என் முதுகுக்குப் பின்னால். கூடத்தில்.

திரும்பினேன். நின்றுவிட்டது.

கடிகாரமும் நின்றிருந்தது.

தொட்டேன்…

ஈரம்.

மறுநாள் பால்சாமி ஒரு பார்வைதான் பார்த்தார்.

"ஏண்ணே, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வலப்பக்கமும் தேய்ச்சு வச்சிருக்கீங்களே?"

"நான் தேய்க்கல."

"பின்ன, கடிகாரமே புளி கரைச்சுக் குளிச்சுச்சாக்கும்? எனக்கு வேணாம். ஆளை விடுங்க."

அவர் போன பிறகுதான் உறைத்தது. அவள் போனதிலிருந்து நான் அடுப்பே மூட்டவில்லை. ஓட்டல் சாப்பாடு. வீட்டில் ஏது புளி?

பரண் மூலையில், கொடுக்க மறந்துபோன ஒரு பானை இருந்தது. அவள் கடைசியாக அடைத்து வைத்தது. இறக்கினேன். வாய்த்துணியில் அவள் போடும் இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. மேலே இரண்டு வருடத் தூசி.

அவிழ்த்தேன். புளியின் நடுவில் ஒரு கைப்பிடிக் குழி. குழிக்குள் நான்கு விரல் தடம்.

இன்னும் காயவில்லை.

நான் கோயம்புத்தூர் போகவில்லை. வருடா வருடம் மாசியில் புதுப்புளி வந்ததும் அந்தப் பானையை நிரப்புகிறேன். துணியை மேலே போட்டு மட்டும் வைப்பேன்; கட்ட மாட்டேன்.

காலையில் இரட்டை முடிச்சு விழுந்திருக்கும்.