சுண்ணாம்புக் குழியில் தாமரை

புடாபெஸ்டில் காப்பி கேட்டால், கேட்காமலேயே ஒரு தம்ளர் தண்ணீரும் வருகிறது. குடித்துத் தீர்த்தால் இன்னொன்று. ஆம்பூரில் தோல் வேலை செய்யும் எங்கள் ஆட்களுக்குக் காப்பிக் கடைக்காரர் எட்ட நின்று தண்ணீரைக் கையில்தான் ஊற்றுவார். அதனால் வந்த புதிதில் இந்தத் தம்ளரைப் பார்த்தே இந்த ஊரை நம்பிவிட்டேன். என்ன முட்டாள்தனம்!

இங்கே தோல் இறக்குமதி செய்யும் கிடங்கு ஒன்றில் எனக்கு எழுத்தர் வேலை. சாயங்காலமானால் லாஸ்லோ என்ற கவிஞரின் காப்பி மேஜை. சீனம், பாரசீகம் எதுவும் தெரியாமலே அந்தக் கவிதைகளையெல்லாம் ஹங்கேரியத்தில் பெயர்த்துப் பேரெடுத்த மனுஷர். யாராவது இங்கிலீஷில் அர்த்தம் சொன்னால் போதும், பாட்டாக்கிவிடுவார். தம் புது நூலுக்கு என் தமிழ்க் கவிதை ஒன்றையும் கேட்டு வாங்கினார். பச்சைத்தோல் பதனிடும் தோல் ஷாப்பில், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று நின்றே கால் வெந்து, செத்துப்போன என் அப்பாவைப் பற்றியது. அவர் இருந்தார் என்று சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை.

அச்சுத்தாளை அவரே வாசித்துக் காட்டினார். என் ஹங்கேரியம் அரைகுறைதான், ஆனாலும் புரிந்துவிட்டது. அப்பா தாமரைக் குளத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தார்!

"குழி எங்கே, ஐயா?"

"இந்தியா என்றால் எங்கள் ஆட்களுக்குத் தாமரை வேண்டும். நாற்றத்தை யார் படிப்பார்கள்?"

குடியாத்தம் ரயிலில் ஒருவன் அப்பாவைப் பார்த்துக் கத்தியது ஞாபகம் வந்தது. "இன்னாய்யா, தோல் ஷாப்பு ஆளா? பேஜாராப் போச்சு, தள்ளிப் போய் குந்து!" அப்பா எழுந்து கதவோரம் போய்விட்டார். அவனாவது முகத்துக்கு நேரே சொன்னான்.

சண்டை முற்றியது. கத்திக்கொண்டே லாஸ்லோ, மேஜைமேல் கிடந்த என் ஆம்பூர்த் தோல்பையின் மூலையை மடித்தார், கட்டைவிரலால் நீவினார், மூக்கருகே கொண்டுபோனார். கண் என்மேல்தான் இருந்தது. கை தானாகச் செய்தது. தோல் ஷாப்பில் வளர்ந்த கைக்கு மட்டுமே வரும் பழக்கம் அது.

"உங்கள் அப்பா என்ன தொழில் செய்தார்?" என்று கேட்டேன்.

சுட்டதுபோலப் பையை விட்டார். "பேரை மாற்றி, அந்தத் தோல் வாடையைக் கழுவித்தான் நான் கவிஞன் ஆனேன். இனி ஒரு வார்த்தை பேசாதே."

"அப்படியானால் என் கவிதையை எடுத்துவிடுங்கள்."

எடுக்கவில்லை. வெளிநாட்டில் மரியாதை கிடைக்குமாமே என்று ஊரில் கேட்பீர்கள். கிடைக்கிறது, அப்பாவை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தால்.

நூல் வந்துவிட்டது, என் பேரோடு, தாமரையோடு. ஆட்டுத்தோல் அட்டை. என் கையும் சும்மா இருக்கவில்லை. நீவி மோந்து பார்த்தேன். எங்கள் ஊரில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் வாசம்! திறந்தால் அப்பா தாமரை பறிக்கிறார். மூடினால் குழியில் நிற்கிறார். நான் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருக்கிறேன்.