கரண்டு அடுப்புக்குப் போட்ட கோலம்

சித்தூரில் எங்கள் வீட்டுக்கு மகன் ரெண்டு பக்கமும் சுருள் வைத்த கரண்டு அடுப்பு வாங்கிவந்தான். விறகடுப்புக்குச் செய்கிற மாதிரியே வெள்ளிக்கிழமை தவறாமல் அதையும் துடைத்து அதன்மேலேயே மாக்கோலம் போட்டேன். மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மா பலமனேரிலிருந்து சாப்பிட வந்த அன்று, சாம்பார் வைத்த இடப்பக்கம் சூடே ஏறவில்லை.

"உங்க கைக்கு அடுப்பே அடங்கலியே!" என்று சிரித்தார்.

ரோஷத்தில் கரண்டியால் சுருளைத் தட்டினேன். சுரீரென்று கரண்டு உதறித் தள்ளியது, உயிர் தப்பினேன்.

வந்த மெக்கானிக் ப்ளக்கைப் பிடுங்கி, அந்தச் சுருளைக் கழற்றி வலப்பக்கம் மாட்டி, ப்ளக்கைச் சொருகிப் போட்டார்; நன்றாகச் சிவந்தது. மறுபடி ப்ளக்கைப் பிடுங்கி இடப்பக்கத்து இணைப்பைச் சுரண்டினால் காய்ந்த மாவு!

"ஏமம்மா, அடுப்புக்கே தோசை ஊத்திக்கினு இருந்தீங்களா?"

சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது ப்ளக்கைப் பிடுங்கி, ஆறின பிறகுதான் துடைக்கிறேன். கோலத்தை விடவில்லை, அடுப்புக்குக் கீழே மேடைக் கல்லில் போடுகிறேன். சம்பந்தியம்மாவும் ஊருக்குப் போனதும் தன் கரண்டு அடுப்பைச் சுரண்டினாராம், மருமகள் சொன்னாள்.