அப்பா காதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர்

ஞாயிறு மதியம் என்றதும் எனக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது வஞ்சிர மீன் வறுபடும் வாசனை... கூடவே ஹாலிலிருந்து கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் போடும் "கொய்ய்ய்" என்கிற ஊளை.

இரண்டாயிரங்களின் நடுவில் உழவர்கரையில் எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. அம்மா இல்லாத வீடு, அப்பாவும் நானும்தான். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பிரான்சில் இருக்கும் அக்காவோடு கம்ப்யூட்டரில் பேசுவோம். பேசுவோம் என்றா சொன்னேன்? கத்துவோம்.

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் ரேடியோ பிரிவில் இருந்து பென்ஷன் வாங்கியவர். தெருவுக்கே அவர் 'சொல்தா', அதாவது பிரெஞ்சில் சிப்பாய். காது மந்தமாகி ரொம்ப நாளாச்சு. ஒத்துக்கொள்வாரா? மூச்! டாக்டரிடம் போகலாம் என்றால் போதும்.

"எனுக்கு என்னா கொறை? நீங்கள்லாம் வாய்க்குள்ளயே பேசுறீங்க."

அதனால் அக்கா எது கேட்டாலும் பிரெஞ்சில் "ஆமாம்" என்று ஒரே பதில்தான். சாப்பிட்டீங்களா? "உய், உய்." அங்க மழையா? "உய், உய்." வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். நானும் அக்காவும் சிரிப்போம்.

ஒரு ஞாயிறு சிரிப்பு நின்றுபோனது.

"அப்பா, இங்கயே வந்து எங்கூட இருந்துடுங்களேன். பேப்பர்லாம் ரெடி பண்ணட்டுமா?" என்றாள் அக்கா.

"உய், உய்."

அக்கா லைனை வைத்ததும், "அவ சொன்னது கேட்டுச்சாப்பா?" என்றேன். "ஏன் கேக்காம? எல்லாம் கேட்டுச்சு" என்று கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நிஜமாகவே கேட்டுத்தான் சொன்னாரா? நேராகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை... ஆமாம் போறேன் என்று சொல்லிவிட்டால்? என்னை விட்டுப் போவதென்றால் அவ்வளவு லேசா என்று கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

அக்கா கேட்பது அவர் காதில் சுத்தமாக விழ வேண்டும். அப்புறம் அவர் என்ன சொன்னாலும் சரி என்று முடிவெடுத்தேன்.

ஸ்பீக்கரைக் கூட்டினால் ஊளை. ஹெட்போனை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினால், வால்யூமை முழுசாக வைத்தும் அவருக்குப் பத்தவில்லை. ஆபீசில் கூட வேலை பார்த்த பையன்தான் சொன்னான், நடுவில் வைக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் என்று ஒரு சின்ன டப்பா இருக்கிறதாம். அடுத்த நாளே நேரு வீதியில் ஒரு கடைக்குப் போய் நின்றேன்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது டிபன் கேரியர் சைஸில் ஒன்று. "பேஸ் சும்மா அதிரும் மேடம்!"

"எங்கப்பா டான்ஸ் ஆடப் போறதில்லைங்க. எங்கக்கா பேசுறது கேட்டா போதும்."

அக்கா குரலை ஒரு சிடியில் பதிவு செய்து கொண்டு போயிருந்தேன். கடைக் கம்ப்யூட்டரில் அதைப் போடச் சொன்னதும் மனுஷன் முழித்தார். "எல்லாரும் பாட்டு போட்டுப் பாப்பாங்க. நீங்க என்னா மேடம், யாரோ லேடி ரசம் வைக்கிறது எப்பிடின்னு சொல்றத கேக்குறீங்க!"

இரண்டாவது டப்பாவில் அக்காவை விட 'ஸ்ஸ்ஸ்' சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. குமிழும் மிளகு சைஸ். வயசான அப்பாவின் நடுங்கும் விரலுக்கு அது பிடிபடாது. மூன்றாவது, சோப்பு டப்பா அளவில் வெள்ளி நிறத்தில் இருந்தது. குண்டாக ஒரே ஒரு குமிழ். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புளி கரைப்பது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. முன்னால் ஹெட்போன் சொருக இரண்டு ஓட்டை வேறு!

"ஒரே நேரத்துல ரெண்டு பேர் கேக்கலாமா?"

"தாராளமா."

அதையே கட்டித் தரச் சொன்னேன்.

காதுக்கு என்று சொன்னால் தொடமாட்டார். "ரேடியோ செட்டு மாதிரி ஒண்ணு வாங்கியாந்திருக்கேன். சரியா வேலை செய்யுதான்னு நீங்கதான் பாத்து சொல்லணும்" என்றேன். அவ்வளவுதான், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு குமிழை மெல்லத் திருப்பினார். இன்னொரு ஹெட்போனில் நான்.

"அப்பா, பேப்பர்லாம் கிட்டத்தட்ட ரெடி..."

அப்பா துள்ளிவிட்டார். "என்னாடி, காதுகிட்டயே வந்து பேசுற!" முகமெல்லாம் பல். அப்புறம்தான் உறைத்தது. "எந்தப் பேப்பரு?"

"இங்க வந்து இருக்குறதுக்குப்பா. நீங்கதான் உய்னு சொன்னீங்க?"

"நோன்!"

பிரெஞ்சில் அவர் போட்ட "இல்லை"யில் எதிர்வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"நோன், நோன்! சின்னவள உட்டுட்டு நான் எங்கடி வருவேன்? இவகூட சண்ட போடலன்னா எனுக்கு சோறு எறங்குமா?"

எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. குழம்பு அடிபிடிக்கிறது என்று சொல்லி அடுக்களைக்கு ஓட எழுந்தேன். ஹெட்போனைக் கழற்றுவதற்குள் பார்த்தால் ஸ்க்ரீனில் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அப்ப இவ்ளோ நாளா கேக்காமயா உய், உய்னு சொன்னீங்க?"

"நீ பேசுறன்னு தெரியும்மா. என்னா பேசுறன்னுதான் தெரியல."

அன்றைக்கு மீன் ஆறி அவலாகும் வரை இரண்டு பேரும் பேசினார்கள். மழையா வெயிலா என்பதிலிருந்து எல்லாவற்றையும் அக்கா திரும்ப முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம், தலைகால் புரியவில்லை.

இப்போது டப்பாவும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். மீன் மார்க்கெட்டில் நின்றுகொண்டே அக்காவோடு வீடியோவில் பேசுகிறேன். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

அப்பா கடைசிவரை பிரான்சுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை... உப்பு போதவில்லை என்று சொல்ல ஆளில்லாமல் சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிட்டது.