சொந்த மைதானத்தில் வெளியூர் அணி

உதைபந்தாட்டம் எனக்கு அவ்வளவாகப் பிடித்ததில்லை. ஆனால் பந்தை உதைப்பவர்களுக்கும் விதிகள் வேண்டும். விதிகளை எழுத ஓர் ஆள் வேண்டும். மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருப்பவன் அந்த வேலையிலிருந்து தப்ப முடியாது. அறுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்க் கழகத்துக்கு நான் செயலாளரானது அப்படித்தான். யாரும் என்னைத் தெரிவு செய்யவில்லை. கூட்டக் குறிப்பை யார் எழுதுவது என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கழகத்தின் தலைவர் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் முஸ்லிம் வர்த்தகர். ஊருக்கே அவர் 'நானா'. அந்த வருடம் கொழும்பு வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு கிண்ணம் வைத்தார்கள். இலங்கைக் கழகங்களோடு தென்னிந்தியக் கரையோரக் கழகங்களும் மாலைதீவிலிருந்து ஒரு கழகமும் ஆடும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இறுதி ஆட்டம் கொழும்பில். மற்றச் சுற்றுகளில் ஒவ்வொரு சோடியும் இரண்டு ஆட்டம் ஆடும். ஒன்று இவர்கள் மைதானத்தில், மற்றது அவர்கள் மைதானத்தில்.

இரண்டையும் கூட்டிச் சமமாக வந்தால் என்ன செய்வது என்று, நானும் இருந்த விதிக்குழுவில் வாதாடினார்கள். நாணயம் சுண்டலாம் என்றார்கள். ஐரோப்பியக் கழகங்களின் போட்டியொன்றில் வந்திருந்த புது விதியை நான் நூலகத்து ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். சமமானால், எதிரியின் மைதானத்தில் போட்ட கோல் இரண்டாக எண்ணப்படும். எடுத்துச் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆகவே ஏகமனதாக நிறைவேறியது.

முதற் சுற்றில் எங்களோடு மோத வேண்டிய அணி வரவே இல்லை. விதிப்படி வென்றோம். நானா அதற்கும் புரியாணி போட்டார். அடுத்த சுற்றில் எங்களுக்குச் சீட்டில் தென்னிந்தியக் கழகமொன்று விழுந்தது. முதல் ஆட்டம் மாத்தளையில், இரண்டாவது அவர்களுடைய ஊரில்.

சீட்டுக் குலுக்கிய செய்தி வந்த அன்றைக்கே எங்கள் கோல் கீப்பர் கச்சேரி வாசலில் வந்து நின்றார். ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். நானாவின் கொக்கோ ஸ்டோரில் வேலை. மனைவி கொழுந்து பறிக்கிறார், இரண்டு பிள்ளைகள். பந்து எங்கே வரும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "தெரியாது சேர், நான் நிக்கிற எடத்துக்கு அதுவா வருது" என்பார்.

"சேர், கிளப்போட போனா எனக்கும் பாஸ்போட் குடுப்பாங்களா?"

"எந்த நாட்டுப் பாஸ்போட்?"

சிரித்தார். "அதக் கேக்கத்தானே உங்ககிட்ட வந்தேன்."

இந்திய வம்சாவளித் தோட்டச் சனத்தைப் பங்கிட்டுக்கொள்ள இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி, அவருடைய அக்காவைக் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் ஆடப்போகும் அதே ஊரில், ஒரு நூல் ஆலைக்குப் பின்னால் குடிசை போட்டிருந்தார்கள். தாய் இல்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான். ஆட்டத்துக்குப் போகிற சாக்கில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

நடைமுறை எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டிய அலுவலகங்களில் எல்லாம் கேட்டேன். ஒன்று மற்றொன்றைக் காட்டியது. அது முதலாவதையே திருப்பிக் காட்டியது. தனக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தார். முடிவு வரவில்லை. அதுவரைக்கும் அவர் இந்த நாட்டவரும் அல்ல, அந்த நாட்டவரும் அல்ல. போவதற்குக் காகிதம் கொடுக்க எல்லோரும் ஆயத்தமாக இருந்தார்கள். அதில் மட்டும் எங்கள் அரசாங்கத்தில் தாமதமே கிடையாது. திரும்பி வருவதற்குத்தான் காகிதம் இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கடல் கடந்தவன், கடலுக்கு அந்தப் பக்கத்து ஆளாகவே கருதப்படக் கூடும்.

கச்சேரி வராந்தாவில் வைத்து இதை அவரிடம் சொன்னேன்.

"அக்காவப் பாக்கணும் சேர். ஆனா புள்ளைங்க இங்க இருக்கே."

நானாவுக்கு வேறு கவலை. எங்களுடைய இரண்டாவது கீப்பர் ஒரு தையற்காரர். பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"கிளாக்கர், இவன் இல்லாமப் போனா அங்க நம்மள உப்புக்கண்டம் போட்டுருவானுகள். சட்டத்துல ஒரு ஓட்டையும் இல்லியா?"

"ஓட்டை இல்லை நானா. முன்னுதாரணம் இருக்கிறது."

மாலைதீவுக் கழகத்துக்குப் படகு நினைத்த நேரத்தில் கிடைக்காது. அதனால் அவர்களுடைய இரண்டு ஆட்டங்களையும் கொழும்பிலேயே வைத்து, இரண்டாவதை மாலைதீவில் நடந்ததாகக் குழு பதிந்திருந்தது. அதைக் காட்டி எழுதினேன். தென்னிந்தியக் கழகத்தின் மனேஜரும் சம்மதித்தார். அவர்கள் ஊரில் அடைமழை. மைதானத்தில் பந்துக்குப் பதிலாக மீன் விடலாம் என்று பதில் எழுதியிருந்தார். ஆக இரண்டு ஆட்டமும் மாத்தளையில். இரண்டாவது ஆட்டத்தில் மட்டும் மைதானம் அவர்களுடையது, நாங்கள் வெளியூர் அணி.

நானாவால் இதைத் தாங்க முடியவில்லை. "நம்மட ஊர், நம்மட கிரவுண்ட், புல்லு வெட்டுறதும் நம்மட ஆள். நாங்க எப்பிடி வெளியூர்க்காரனாகிற?"

"கடதாசியில் நானா."

பக்கத்தில் நின்ற கீப்பர், "அப்ப நானும் இங்க வெளியாளா சேர்?" என்றார்.

"அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு."

"அவ்வளவுதானா? அதெல்லாம் பழக்கந்தான்" என்றார். பிறகு, வெளி மைதானத்துக் கோல் இரண்டாக எண்ணப்படுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த விதியை என்னிடம் கேட்டு விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. அதில் சொல்ல எதுவும் இல்லை; மழையில் இருபத்திரண்டு பேர் விழுந்து எழும்பினார்கள்.

மூன்று நாள் கழித்து இரண்டாவது ஆட்டம். விதியைக் கடைப்பிடித்தால் முழுதாகக் கடைப்பிடிக்க வேண்டும். தகரக் கொட்டகையை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் ஆட்கள் மாமரத்தடியில் நின்று உடுப்பு மாற்றினார்கள். இரண்டு கழகத்துக்கும் சிவப்புச் சட்டை. வெளியூர் அணிதான் நிறம் மாற்ற வேண்டும் என்பதால் பாடசாலையொன்றில் வெள்ளைச் சட்டைகளை இரவல் வாங்கியிருந்தேன். பள்ளிப் பிள்ளைகளின் அளவு. கீப்பருக்கு மட்டும் சொந்தச் சட்டை, கழுத்து நைந்த பழைய பச்சை.

நாவுலயிலிருந்தும் யட்டவத்தயிலிருந்தும் பஸ்ஸில் வந்த கூட்டத்துக்கு இதையெல்லாம் யார் சொல்வது? கொட்டகையிலிருந்து சிவப்புச் சட்டைகள் வந்தன. கூட்டம் எழும்பி நின்று விசிலடித்தது. சிவப்பு ஒரு கோல் போட்டது. பட்டாசு வெடித்தார்கள். பச்சைச் சட்டைக்காரர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு திரும்பிய போதுதான் முன்வரிசையில் ஒருவர் கத்தினார்: "அடேய், அது நம்ம கீப்பருடா!"

அதன் பிறகு ஊர் சரியான பக்கத்துக்கு வந்தது. இடைவேளைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் இரண்டு போட்டார்கள். அவர்கள் ஒன்றைத் திருப்பினார்கள். இரண்டுக்கு இரண்டு. கூட்டினால் மூன்றுக்கு மூன்று. விதிப்படி வெளி மைதானத்தில் இரண்டு போட்ட நாங்கள் வென்றாயிற்று. அப்படியே நின்றால் போதும்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது. முதல் நாளே எல்லோரையும் உட்கார வைத்து விளக்கியிருந்தேன், தலையாட்டியிருந்தார்கள். இப்போது இன்னொரு கோல் வேண்டும் என்று பத்துப் பேரும் முன்னால் ஓடினார்கள். கரையில் நின்ற நானாவும் "போடுங்கடா, போடுங்க!" என்று தொப்பியைக் கழற்றி வீசினார்.

கீப்பர் தனியாக நின்று தொண்டை கிழியக் கத்தினார். "பின்னுக்கு வாங்கடா! சமம்னாலும் நாமதான்டா! சேரக் கேளுங்க!"

யாரும் என்னைக் கேட்கவில்லை. பந்து எதிரியின் காலில் அகப்பட்டது. இரண்டு பேர் வந்தார்கள், நடுவில் ஒருவரும் இல்லை. கீப்பர் கோலை விட்டு ஓடி வந்து, உதைக்க ஓங்கிய காலின் கீழேயே விழுந்தார். எழும்பியபோது பந்து அவர் நெஞ்சோடு இருந்தது, நெற்றியில் இரத்தம். ரெஃப்ரி விசிலை ஊதினார்.

யார் வென்றார்கள் என்று மைதானத்தில் யாருக்கும் தெரியவில்லை. நான் மேசைமேல் ஏறி விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்தேன். வாழ்க்கையில் நான் வாசித்த ஒரு விதிக்குக் கைதட்டல் கிடைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் காலையில் விருந்தினரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். மாத்தளையோடு ரயில் பாதை முடிகிறது. எல்லா ரயிலும் இங்கிருந்து வெளியே போகத்தான் புறப்படும். கீப்பர் நெற்றியில் கட்டோடு வந்து, மனேஜரிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். தேயிலைத் தூளும் பிள்ளைகளின் படமும்.

"உங்க ஊரு மில்லுக்குப் பின்னால அக்கா இருக்குங்க. சிலோன்காரம்மான்னு கேட்டா காட்டுவாங்க."

"அட, நீங்களே வந்திருக்கலாமேப்பா? மழை விட்டதும் எங்க மைதானத்துல ஆட்டம் வச்சிருந்தா அப்படியே பாத்திருக்கலாமே!"

"போறதுக்கு வழி இருக்குங்க" என்றார் கீப்பர். "வர்றதுக்குத்தான்..." மனேஜருக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை. ரயில் நேரமாகியிருந்தது.

கொழும்பில் இறுதி ஆட்டத்தில் தோற்றோம். கிண்ணம் மறு வருடம் நடக்கவில்லை. விதிப் புத்தகம் மட்டும் எஞ்சியது.

இன்னும் சில வருடங்கள் கழித்து அவருடைய விண்ணப்பத்துக்கு முடிவு வந்தது. மறுப்பு. கேட்டவர்கள் அதிகம், ஒப்பந்தத்தில் இடம் குறைவு. மேன்முறையீட்டை நானே எழுதினேன். ஒரு குறையும் இல்லாத மேன்முறையீடு. அதுவும் திரும்பி வந்தது. அவர் ஒரு நாளும் இந்த மண்ணை விட்டுக் கடல் கடக்கவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதைக் கணக்கில் எடுக்க நடைமுறையும் இல்லை.

அதே ஸ்டேஷனில் அதே மேடையில், இந்தியாவுக்குப் போக டிரங்குப் பெட்டிகளோடு குடும்பம் நின்றது. லயத்துச் சனம் அழுதுகொண்டிருந்தது. நானா வந்து கீப்பரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீப்பர் அந்தப் பச்சைச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

"இப்பதான் சேர் ரெண்டாவது ஆட்டத்துக்குப் போறேன். வெளி மைதானத்துல போட்டா ரெண்டா எண்ணுவாங்கல்ல?"

ஆமாம் என்று சொன்னேன். மனைவி ஜன்னல் வழியாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். கீப்பர் கடைசியாக ஏறினார்.

"அக்கா ஸ்டேஷனுக்கு வாரேன்னு எழுதியிருக்கு" என்றார். ரயில் கண்டிப் பக்கமாக வளைந்து மறையும்வரை நானா கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கச்சேரிக்கு நடந்தேன். அரை நாள் லீவுதான் எடுத்திருந்தேன்.