கந்தசாமிக்குக் காயம்

அந்தியூரிலிருந்து மைசூருக்கு வாழ வந்தபோது உமாதேவிக்குக் கன்னடத்தில் நீரு, ஊட்டா, பேடா (தண்ணீர், சாப்பாடு, வேண்டாம்), இந்த மூன்றுதான் தெரியும். கணவர் கந்தசாமி கர்நாடக எல்லையோர ஹனூர்க்காரர். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். மைசூரை ஒட்டிய ஹெப்பாளில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை, ஆனால் தற்காலிகம். கம்பெனி பஸ்ஸில்கூட நிரந்தர ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு இடம்.

பெண் பார்க்க வந்த அன்றே, "இன்னும் பர்மனெண்ட் ஆகலீங்க" என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். உமாதேவியின் அப்பா தயங்கினார். மறைக்காத அந்த ஒரு பேச்சுக்காகவே அவளுக்குக் கந்தசாமியைப் பிடித்துப்போனது.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு நிர்மலாவின் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நிர்மலா துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். உமாதேவி வீட்டுக்கு வரும் போனும் அங்கேதான் வரும் என்பதால், அடித்ததும் அவளே எடுத்தாள். கந்தசாமியோடு வேலை செய்யும் தொட்டையன். பின்னால் ஒரே மெஷின் சத்தம். ஏதோ கன்னடத்தில் கத்தினான். "கந்தசாமிது காயம் ஆய்த்து அக்கா" என்பது மட்டும் காதில் விழுந்தது. லைன் துண்டித்துப்போனது.

மாவுக் கையோடு ஆட்டோ ஏறினாள். வழியெல்லாம் அந்தியூர் குருநாதசாமியைக் கும்பிட்டாள். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஆளனுப்ப, கந்தசாமி ஜிலேபிப் பொட்டலத்துடன் சிரித்துக்கொண்டே வந்தார். அவள் அவர் கைகளைப் பிடித்து விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள்.

"அடி எங்கீங்க பட்டுச்சு? காயம்னு தொட்டையன் போன் பண்ணாரே."

அவர் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "கன்னடத்துல காயம்னா பர்மனெண்ட் புள்ள. வேல நிலைச்சிருச்சு."

உமாதேவி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஜிலேபியை வாங்க மறுத்துவிட்டாள்.

பிறகு நல்ல வருடங்கள் வந்தன. பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் சீட். ஞாயிறுகளில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஆற்றில் கால் நனைத்துவிட்டு வருவார்கள். கடைசியில் கம்பெனியையே மூடினார்கள். நிரந்தர ஆட்களும் வேலை போய் வீட்டில் உட்கார்ந்தார்கள். கந்தசாமி இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி, ஒப்பந்த வேலை.

உமாதேவியின் கன்னடத்தைக் கேட்டு இப்போது மார்க்கெட்டில், சொந்த ஊரே கன்னட மண்டியா பக்கமா என்கிறார்கள். மகள் ஸ்வாதி அந்தக் 'காயம்' நாளைப் பற்றிக் கேட்டால் அவள் கம்பெனியிலிருந்து தொடங்குவதில்லை.

"அப்பெல்லாம் உங்கப்பனுக்கு மீச கறுகறுன்னு இருக்கும்" என்றுதான் தொடங்குவாள்.