தக்காளிப் பெட்டிப் புழுக்கள்

முப்பத்தாறு வயதில் ஷூ பெட்டிகளில் புழு வளர்க்கும் பெண் ஆம்பூரில் வஹீதா ஒருத்தியாகத்தான் இருப்பாள். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். முனைவர் பட்டத்துக்கு இது ஆறாவது வருடம். ஒரே முட்டைக் குவியலில் பொரிந்த வெட்டுப்புழுக்களைப் பிரித்து, ஒரு பெட்டிக்கு ஆமணக்கு இலை, இன்னொன்றுக்கு வேர்க்கடலை இலை, மூன்றாவதற்குத் தக்காளி இலை. தின்னும் செடி மாறினால் புழுவின் வளர்ச்சியும், பிறகு அது அந்துப்பூச்சியாகி இடும் முட்டையும் எவ்வளவு மாறும்? அதுதான் ஆராய்ச்சி.

முதல் தடவை நோய் வந்து எல்லாம் கறுத்துத் தொங்கின. இரண்டாம் தடவை எறும்பு. நெறியாளர் கரோலின் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் முடிக்காவிட்டால் வேறு நெறியாளரைத் தேடி அலைய வேண்டும்.

இந்த ஜனவரியில், விடைத்தாள் திருத்த வேலூர் போய்த் தங்க வேண்டி வந்தது. கணவன் முஜாஹித் ஷூ ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர்.

"இலை காஞ்சா மாத்தணும், அவ்ளோதானே? அத்தினி பேரை மேய்க்கிறேன், புழுவை மேய்க்க மாட்டேனா?" என்றான்.

திரும்பி வந்தவள் முதலில் தக்காளிப் பெட்டியைத் திறந்தாள். புழுக்கள் கொழுகொழுவென்று இருந்தன. அவற்றுக்கு நடுவே ஆமணக்கு இலைக் காம்புகள்.

"இது இன்னாங்க?"

"அதுவா? இதுல இருந்ததெல்லாம் ஆமணக்குப் பெட்டிப் புழுல பாதி சைஸ்கூட இல்ல. ஃபேக்டரில ஒரு லைன் பின்னாடி போச்சுன்னா, நல்லா ஓடுற லைன்லேர்ந்து ரெண்டு ஆளத் தூக்கி அங்க போடுவோம். அதே மாதிரி ஆமணக்கு எலைய இதுக்கும் போட்டேன். பாரு, எல்லாம் ஒரே சைஸ்!"

"பின்னாடி போறதுதாங்க எனக்கு வேணும்!"

"உன்னோட பெரிய பேஜாரும்மா. புழு வளரலன்னாதான் டாக்டர் பட்டம் தருவாங்களா?"

"ஆமா! தக்காளி தின்னா எவ்ளோ கம்மியா வளருதுன்னு காட்டினாதான் தருவாங்க. கடலைப் பெட்டிக்கு இன்னா போட்டீங்க?"

முஜாஹித் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். "அதுக்கும்... கொஞ்சம்."

கத்த வேண்டும் போலிருந்தது. வேலை முடிந்த களைப்போடு ரயில்பாதை ஓரம் அலைந்து இலை பறித்து வந்திருக்கிறான், எப்படிக் கத்துவது? அதுவே இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கெட்டுப்போன புழுக்களோ கவலையே இல்லாமல் தின்றுகொண்டிருந்தன.

கரோலினுக்குப் போன் போட்டாள். "மேடம், ஆமணக்குப் பெட்டி அப்படியே இருக்கு. மத்த ரெண்டை மட்டும் திரும்பப் பண்ணட்டுமா?"

"வேற முட்டை, வேற நேரம். எத எதோட ஒப்பிடுவ? மூணையும் தூக்கிப் போடு வஹீதா."

மே மாதத்துக்குள் இன்னும் ஒரே ஒரு முறை வளர்த்துப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அணைக்கட்டுப் பக்கம் போகிறாள், ஆமணக்குச் செடிகளில் புது முட்டைக் குவியல் தேட.