வாட்ச்மேன் ஓடிய பக்கம்

எனக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. பாலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பேன். அதனால், எங்கள் நாடக அரங்கின் டைரக்டர் கையில் இரண்டு டீயோடு உடுப்பு அறைக்குள் வந்து, "அக்கா, சாப்டீங்களா?" என்று அண்ணியைக் கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷத்தில் அந்த ஆள் எங்களைக் கேட்டதெல்லாம் "பட்டன் எங்க?" என்பது மட்டும்தான்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. அங்கே தையல் அவர் பொறுப்பு, இஸ்திரி என் பொறுப்பு. வாயில் எப்போதும் நாலு குண்டூசி வைத்திருப்பார். ஏதாவது கேட்டால் அதைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்.

அவருடைய அப்பா ஒரு மில்லில் வாட்ச்மேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மில்லின் நூல் கிடங்கில் பட்டப்பகலில் தீப்பிடித்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது, உள்ளே பதினோரு பேர். வாட்ச்மேன் தலைதெறிக்க ஓடியதைத் தெருவே பார்த்தது. சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் ஓடியது சாவியோடு இல்லை, சாவிக்காக. மேனேஜர் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். இவர் அங்கே ஓடி, வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அண்ணிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளை கிடையாதாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தீயைத்தான் எங்கள் டைரக்டர் பாட்டு நாடகமாகப் போட்டார். சக்கைப்போடு போட்டது. வில்லன் யார்? வாட்ச்மேன்தான். சாவியைப் பாக்கெட்டில் போட்டு ஒரு தட்டு தட்டிவிட்டு, வலது பக்கம் ரயிலடிக்கு ஓடுவான். சனம் காறித் துப்பாத குறை. அண்ணி மேடைக்குப் பின்னால் யாருடைய கிழிசலையோ தைத்துக்கொண்டிருப்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

"சொல்லித் தொலைங்களேன் அண்ணி!"

"சொன்னா யாரு நம்பப்போறா? விடு."

அப்புறம் ஒரு பத்திரிகைக்காரர், நாடகத்தில் போட்ட உடுப்பு, செருப்பு, மணி எதுவுமே அந்தக் காலத்தது இல்லை என்று எழுதிவிட்டார். டைரக்டருக்கு மானம் போயிற்று. இரண்டாம் பாகத்தில் எல்லாம் அச்சு அசலாக இருக்கவேண்டும் என்று பழைய லாந்தரையும் சைக்கிளையும் தேடி அலைந்தார். அவருக்கு 'அச்சு அசல்' என்றே நாங்கள் பேர் வைத்தோம். கதை என்னவோ அதேதான். வாட்ச்மேன் கிழவனாகத் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்பான். தீப்பிடித்த நாளை நினைத்து, "பையிலே சாவி, இது பாவியின் சாவி" என்று பாடுவான். ஒரு தடவை கொன்றது போதாதென்று மறுபடியுமா!

அந்த நேரத்தில்தான் டீ வந்தது. "அக்கா, உங்கப்பா போட்ட உடுப்பு வீட்டுல இருக்காமே? பாத்துத் தைக்கக் குடுங்களேன்."

யார் சொன்னது? லைட்காரர்தான் என்று எனக்கு நிச்சயம். ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பார்த்தால் என் அண்ணன்! டீக்கடையில் உட்கார்ந்து பெருமையாக உளறியிருக்கிறான்.

"குடுக்காதீங்க அண்ணி. இதுல ஏதோ உள்குத்து இருக்கு. 'வில்லன் போட்ட நிஜ உடுப்பு'ன்னு வாசல்லயே மாட்டிடுவான்," என்றேன்.

அண்ணி மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார். டைரக்டர் எல்லார் முன்னாலும், "ஒரு தையல்கூட மாறக் கூடாதுக்கா," என்றார். அண்ணி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சரிங்க," என்றார். அந்தச் 'சரிங்க'வைக் கேட்டதும் எனக்கு அண்ணி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

உடுப்போடு முதல் ஒத்திகை. பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். வாட்ச்மேன் நடிகர் "பையிலே சாவி" என்று பாட்டை எடுத்துவிட்டு இடுப்பில் கையைக் கொண்டுபோனார். கை வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் தடவினார், மார்பைத் தடவினார். வாத்தியக்காரர்கள் அதே அடியை மூன்று தடவை வாசித்தார்கள். சாவி 'டங்' என்று கீழே விழுந்தது.

டைரக்டர் மேடைக்குப் பாய்ந்தார். "பாக்கெட் எங்க?"

அண்ணி பழைய உடுப்பை எடுத்துவந்து, உள்பக்கம் வெளியே திருப்பி அவர் கையில் வைத்தார்.

"தேடிப் பாருங்க. அந்த மில்லுல வேலைக்காரங்க உடுப்புக்குப் பாக்கெட்டே வெக்க மாட்டாங்க. நூல் திருடிடுவாங்களாம். பஸ் டிக்கெட்டக்கூட எங்கப்பா காதுல சொருகிட்டுத்தான் வருவாரு. கிடங்குச் சாவி மேனேஜர்கிட்ட இருந்துச்சு. அவர் வீட்டுக்குத்தான் எங்கப்பா ஓடுனாரு."

டைரக்டர், பாக்கெட்டைப் பிரித்த தடம் இருக்கிறதா என்று ஓரமெல்லாம் நகத்தால் தடவிப் பார்த்தார். பாருங்கள், அவருக்கும் சந்தேகம்! ஒன்றும் கிடைக்கவில்லை.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீங்க உடுப்பத்தானே கேட்டீங்க? போட்டிருந்த ஆளப் பத்திக் கேக்கவே இல்லையே." எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை. எங்களை உள்ளே விடவில்லை. விசாரித்தால், சாவிப் பாட்டு இன்னும் இருக்கிறது என்றார்கள். பாக்கெட் தைக்கச் சொல்லி ஆள் வரும் என்று மிச்சக் காக்கித் துணியை இஸ்திரி மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். யாரும் வரவில்லை. வேறு தையல்காரரிடம் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் காட்சி மதியம். அண்ணி ஓரத் திரைக்குப் பின்னால், மேடைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரை இடுக்கில் கண்ணை வைத்தேன். சங்கு ஊதியது. மேடை முழுக்கச் சிவப்பு வெளிச்சம். வாட்ச்மேன் பூட்டைப் பிடித்து உலுக்கினார்.

"ஓடுறாரா?" என்றார் அண்ணி.

"ஓடுறாரு."

"எந்தப் பக்கம்?"

"இருங்க... இடது பக்கம் அண்ணி. அங்க ஒரு வீடு வெச்சிருக்காங்க. வாசல்ல 'மேனேஜர்'னு பலகை இருக்கு!"

அண்ணி கையிலிருந்த குண்டூசிகள் தரையில் சிதறின. அண்ணி திரும்பிவிட்டார். என்னைத் தள்ளிவிட்டு இடுக்கில் பார்த்தார். வாட்ச்மேன் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தார். வைத்துக்கொள்ளப் பாக்கெட் இல்லாததால், சாவியைக் கையில் உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். அரங்கத்தில் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

"அப்பா..." என்றார் அண்ணி. மெதுவாக ஒன்றும் சொல்லவில்லை. முதல் வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.